நிலுவை யாருடையது? தேர்வு விதிகளும் நம் பிள்ளைகளின் காலமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கிய மன்றத்தின் மேடையில் கவிதையைப் பற்றிப் பேசலாம், நாவலைப் பற்றிப் பேசலாம், பல்கலைக்கழகத்தின் தேர்வு விதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் இலக்கியத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திர’மும் கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வும் நம் சமூகத்துப் பிள்ளை ஒருவன் பள்ளி, விடுதி, கல்லூரி என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்துபோன வரலாறுகள். அந்த வாசல்களை அடைக்கவும் திறக்கவும் செய்பவை விதிகள். அவற்றை எழுதியவர்கள் நாம் அல்ல. ஆனால் அவற்றைப் படிக்கவேண்டியவர்கள் நாம்தான்.

‘அரியர்’ என்ற சொல்லை இன்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. தோற்ற தாளுக்கு அதுதான் பெயர். தமிழில் நிலுவை, பாக்கி. நம் தாத்தாக்களுக்கு இந்தச் சொல் வேறிடத்தில் பழக்கம். குத்தகை பாக்கி, பண்ணையில் வாங்கிய கடன் பாக்கி, வட்டி பாக்கி. பாக்கி இருக்கும்வரை அந்த நிலத்தை விட்டுப் போக முடியாது. பேரப்பிள்ளை கல்லூரிக்கு வந்த பிறகும் அவன் பெயருக்கு நேராக ஒரு நிலுவை எழுதப்படுகிறது. உண்மையில் யார் யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இன்றைக்கு நம் கேள்வி.

முதலில் அரியர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூன்றாண்டு பி.ஏ. முடிகிறது. ஒரு தாள் நிற்கிறது. பட்டம் இல்லை. படிப்புக்காலம் முடிந்துவிட்டதால் ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் இல்லை, உதவித்தொகை இல்லை, பஸ் பாஸ் இல்லை. ஊருக்குத் திரும்பவேண்டும். ஊரில் அந்தத் தாளைச் சொல்லித்தர ஆள் இல்லை. தேர்வு மையம் பழைய கல்லூரியில். கட்டணம் கட்டவேண்டும், இரண்டு நாள் கூலியை விடவேண்டும், பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். தேர்வாணையம் அறிவிப்பு வெளியிடும்போது ‘அறிவிக்கை நாளில் பட்டம் பெற்றிருக்கவேண்டும்’ என்று போட்டிருக்கும். வீட்டில் தங்கைக்கு, ‘அண்ணன் படிச்சு என்னத்தைக் கிழிச்சான்’ என்ற பதில் தயாராகிவிடும். அந்த ஒற்றைத் தாளுக்கு இவ்வளவும் விலை. இதே தாளில் இதே மதிப்பெண் வாங்கிய இன்னொரு வீட்டுப் பிள்ளை அறை எடுத்துத் தங்கி, டியூஷன் வைத்து, ஆறு மாதத்தில் எழுதித் தேறிவிடுகிறான். விதி இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் அது பறித்துக்கொண்ட காலத்தின் அளவு ஒன்றல்ல.

அடுத்து, தோல்வி எப்படிக் கணக்கிடப்படுகிறது? நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் உள்ள முறையை எடுத்துக்கொள்வோம். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இளநிலையில் தேற மொத்தம் 40 வேண்டும். அதோடு எக்ஸ்டர்னலில் தனியாக 30 வேண்டும். ஒரு மாணவி இன்டர்னலில் 20, எக்ஸ்டர்னலில் 28 வாங்குகிறாள். மொத்தம் 48. தோல்வி. இன்னொருவர் இன்டர்னலில் 10, எக்ஸ்டர்னலில் 30. மொத்தம் 40. தேர்ச்சி. 48 தோற்கிறது, 40 ஜெயிக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஒரு மாணவர் எக்ஸ்டர்னலில் 34 வாங்குகிறார். விடைத்தாளில் பெயர் இல்லை, எண்தான் உண்டு. அங்கே அவர் தேறிவிட்டார். ஆனால் பெயரும் ஊரும் முகமும் தெரிந்த இடமான இன்டர்னலில் அவருக்கு 5 போட்டிருக்கிறார்கள். மொத்தம் 39. தோல்வி. அந்த 5ஐ அவரால் மாற்ற முடியாது. மறுபடி எழுதும்போதும் பழைய இன்டர்னலே கூட வரும். அகமதிப்பீடு என்பது நல்ல ஆசிரியரிடம் நல்ல கருவி, சாதி பார்க்கிற ஆசிரியரிடம் ஆயுதம். எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கை, வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் பாகுபாடு காட்டப்படுவதாக மாணவர்கள் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே எக்ஸ்டர்னல் குறைந்தபட்சத்தை எடுத்துவிட்டால் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. எண் போட்ட விடைத்தாள் நமக்குப் பல நேரம் பாதுகாப்பு. நாம் கேட்பது, ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் குறைவுக்காக ஒரு பிள்ளையின் ஆண்டுகள் பறிபோகாமல் இருக்க எழுத்தில் ஒரு வழி.

அப்படி ஒரு வழி உலகில் இல்லாததல்ல. பிரான்சில் இளநிலைப் பட்டத்தில் 20க்கு 10 என்ற சராசரிதான் அளவுகோல். ஒரு பாடத்தில் 8 வாங்கினால் அதே தொகுதியின் இன்னொரு பாடத்தில் வாங்கிய 12 அதை ஈடுசெய்யும். அப்படியும் தேறாதவர்களுக்கு இரண்டாம் தேர்வு உண்டு. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள், 40 தேர்ச்சி என்ற இடத்தில் ஓரிரு பாடங்களில் மட்டும் முப்பதுகளில் நின்றவரை, மற்றப் பாடங்களின் பலத்தைப் பார்த்துத் தேறியவராகக் கணக்கிடுகின்றன. இதற்கு ஈடுசெய் தேர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பாடத்துக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது, எத்தனை பாடம்வரை, எத்தனை மதிப்பெண்வரை என்பதெல்லாம் முன்கூட்டியே அச்சில் இருக்கும். மாணவர் யாரிடமும் போய்க் கெஞ்சவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இருக்கிறது. மும்பை பல்கலைக்கழகம் நீண்ட காலமாக எழுதி வைத்திருக்கும் ஆணைகளில் ஒன்று, எல்லாவற்றிலும் தேறி ஒரே ஒரு தலைப்பில் மட்டும் தவறியவருக்கு உரியது. தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் 1 விழுக்காடு, அல்லது அந்தத் தாளின் மதிப்பெண்ணில் 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதுவரை குறைவைத் தள்ளுபடி செய்யலாம் என்கிறது அது. 100 மதிப்பெண் தாள்கள் ஆறு என்றால் மொத்தம் 600. அதில் 1 விழுக்காடு 6. ஆக 40 வேண்டிய இடத்தில் 34 எடுத்தவர் தேறுவார். விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவற்றில் பங்கேற்றவர்களுக்கு 10 மதிப்பெண்வரை தருகிற ஆணையும் அங்கே உண்டு. விளையாடியதற்கும் மரம் நட்டதற்கும் மதிப்பெண் தரலாம் என்றால், சனி ஞாயிறுகளில் கூலிக்குப் போய்க்கொண்டே படித்த பிள்ளைக்கு ஏன் தரக்கூடாது என்று நாம் கேட்கலாம்.

இன்னும் பின்னோக்கிப் போவோம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. கல்கத்தாவின் முதல் பி.ஏ. தேர்வு 1858இல் நடந்தது. எழுதியவர்களில் முறைப்படி ஒருவர்கூடத் தேறவில்லை. இருவர் மட்டும் ஆறு பாடங்களில் ஐந்தில் தேறி, ஆறாவதில் ஏழு மதிப்பெண்ணுக்கு மிகாத குறைவோடு நின்றார்கள். பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட் கூடியது. சிறப்புச் சலுகையாக அவர்களுக்கு மதிப்பெண் அளித்து இரண்டாம் வகுப்பில் பட்டம் தரலாம் என்று முடிவு செய்தது. அந்த இருவர் ஜதுநாத் போஸ், பங்கிம் சந்திர சட்டோபாத்யாய. ‘வந்தே மாதரம்’ எழுதிய பங்கிம் சந்திரர்தான். அதே ஆண்டில் அவர் அரசுப் பணியில் துணை மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார்.

கல்கத்தாவின் முதல் இரு பட்டதாரிகளும் கருணை மதிப்பெண்ணில் பட்டதாரியானவர்கள். இதைச் சொல்லி பங்கிம் சந்திரரை இழிவுபடுத்துவது நம் நோக்கமல்ல. அந்த சிண்டிகேட் செய்தது சரி என்றுதான் சொல்கிறோம். ஐந்து பாடங்களில் நன்றாகத் தேறியவரை ஆறாவதன் ஏழு மதிப்பெண்ணுக்காக வெளியே தள்ளுவது மடமை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பட்டத்தின் தரம் தாழ்ந்தது என்று இந்த 160 ஆண்டுகளில் யாரும் அழவில்லை. நம் கேள்வி ஒன்றே ஒன்று. உயர்சாதி இளைஞர் இருவருக்காக முதல் தேர்விலேயே பிறந்த அந்த அறிவு, நம் பிள்ளைகள் தேர்வுக்கூடத்துக்குள் வந்தபிறகு ஏன் ‘தரக்கேடு’ ஆகிவிட்டது?

இந்த இடத்தில் அண்ணலிடம் வருவோம். 1907இல் பாபாசாகேப் அம்பேத்கர் மெட்ரிக்குலேஷன் தேறினார். 750க்கு 282. கணக்குப் போட்டால் 37.6 விழுக்காடு. இன்று நம் மாநிலத்தில் ஒரு பொறியியல் மாணவர் ஒரு தாளில் இதை வாங்கினால் அது அரியர். அன்று அந்த மதிப்பெண்ணை அவர் சமூகம் கூட்டம் போட்டுக் கொண்டாடியது. அந்தக் கூட்டத்தில்தான் கேளுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அந்த 37.6க்குப் பின்னால் எந்த வாழ்க்கை இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது அடுத்தது. லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் அவர் திரும்பவேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி தந்தது. இங்கே வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920இல் திரும்பிப் போனார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவர் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் முதலில் அப்படியே ஏற்கவில்லை, திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்தார். 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் வந்தது. இடைநின்றவர் திரும்பி வரலாம், தவறியதைத் திருத்தித் தரலாம் என்று அங்கே இடம் இருந்தது. இல்லாவிட்டால் அவர் உழைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தும் அந்தப் பட்டம் கிடைத்திருக்காது. உழைப்பு அவருடையது, காலம் விதி கொடுத்தது. நம் பிள்ளைகளிடம் உழைப்பு இருக்கிறது. காலம் இல்லை.

இதை அவரே சட்டமன்றத்தில் பேசியிருக்கிறார். 1927இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் பம்பாய் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. தேர்வு வேறு, கல்வி வேறு என்றார் அவர். தரத்தை உயர்த்துவதாகச் சொல்லிக்கொண்டு தேர்வைக் கடுமையாக்குவதால், அதுவரை பல்கலைக்கழக வாசலை மிதிக்காத சமூகங்கள் முற்றிலுமாக வெளியே நிறுத்தப்படுகின்றன என்பது அவர் வாதம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. நம் கல்விக் கூட்டங்களில் இடஒதுக்கீடு பற்றி அவர் சொன்னதைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. இடஒதுக்கீடு உள்ளே நுழைய வழி செய்தது. உள்ளே வந்தவரை வெளியே அனுப்புகிற வேலையைத் தேர்வு விதி ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஓசையோடும் நடந்திருக்கிறது. 2015இல் ரூர்க்கி ஐ.ஐ.டி., முதலாண்டில் சராசரிப் புள்ளி 5க்குக் கீழே போன 70க்கும் மேற்பட்ட மாணவர்களை நீக்கியது. அவர்களில் பெரும்பாலோர் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள். நீதிமன்றம் விதி விதிதான் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, முதலாண்டைத் திரும்பப் படிக்கலாம் என்று நிறுவனமே வழி செய்தது. அந்த வழி முதலிலேயே விதியில் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கவேண்டாம்.

நம் சேலம் மாவட்டத்தில் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வு செய்யப் போனவர் செந்தில்குமார். ஒரு தாளில் தேறவில்லை என்று உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அந்தப் பணத்தில் ஊரில் ஒரு குடும்பமும் வாழ்ந்துகொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு பல்கலைக்கழகம் அமைத்த வினோத் பவராலா குழு, நடைமுறைகள் தெளிவில்லாமல் இருந்ததையும், அதனால் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் என்பதையும் எழுதியது. ஒரு தாளின் தோல்வியையும் ஒருவர் சாப்பாட்டையும் ஒரே கயிற்றில் கட்டியது யார்? அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மரணம் வேண்டியிருந்ததா?

மறுதேர்வு எழுத வாய்ப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது விலை போட்டு விற்கப்படுகிறது. தாளுக்குத் தாள் கட்டணம். விடைத்தாள் நகலுக்குக் கட்டணம். மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம். காலவரம்பு கடந்த பழைய மாணவர்களுக்கு 2021இல் அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அளித்தபோது, வழக்கமான கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய் கேட்டது. அதே பல்கலைக்கழகத்தின் மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறையே வழக்குப் பதிந்தது. பணம் உள்ளவருக்கு ஈடுசெய் தேர்ச்சி எப்போதும் ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்கிறது. எழுதப்பட்ட விதியாக இல்லை என்பதுதான் நம் குறை.

2020 கொரோனா காலத்து ‘ஆல் பாஸ்’ அறிவிப்பையும் மறந்துவிடக்கூடாது. அரியர் தாள்கள் எல்லாம் தேர்ச்சி என்று மாநில அரசு ஆகஸ்டில் அறிவித்தது. ஊரெங்கும் முதலமைச்சருக்கு நன்றிச் சுவரொட்டி. அறிவிப்பின் உள்ளே ஒரு வரி இருந்தது: தேர்வுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு. வேலை போய், கூலி இல்லாமல், கட்டணம் கட்ட முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தத் தேர்ச்சியும் இல்லை. ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது. வழக்கு நடந்தது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி கூடாது, தேர்வு நடத்துங்கள் என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் கையால் கொடுத்தது இன்னொருவர் கையால் போயிற்று. கருணைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

நம் மாணவர்கள் சிலரே தயங்குகிறார்கள். ‘ஏற்கனவே கோட்டாவில் வந்தவர்கள் என்கிறார்கள், இதையும் கேட்டால் இன்னும் பேசமாட்டார்களா’ என்கிறார்கள். ஈடுசெய் தேர்ச்சி சாதிச் சலுகை அல்ல. எல்லா மாணவருக்கும் பொதுவான விதி. பார்ப்பனப் பிள்ளையும் அதில் தேறும், நம் பிள்ளையும் தேறும். நமக்கு அது அதிகம் தேவைப்படுகிறது என்றால், இழப்பு நமக்கு அதிகம் என்றுதான் பொருள். தரம் என்று பேசுபவர்களுக்கும் பதில் உண்டு. மருத்துவர் அறுவை சிகிச்சைத் தாளில் தோற்றுவிட்டு மொழித்தாளால் ஈடுகட்டலாம் என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பாடம் விலக்கு என்று எழுதுங்கள், எல்லை போடுங்கள். ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளை ஆங்கிலத் தாளில் 38 வாங்கியதற்காக வரலாற்றுப் பட்டத்தையே இழக்கிறாளே, அதில் எந்தத் தரம் காப்பாற்றப்படுகிறது? ஆங்கிலம் சொல்லித்தர அவள் பள்ளியில் ஆசிரியர் இல்லாத ஆண்டுகள் யார் கணக்கில் வரும்? அந்த நிலுவை அரசுடையது.

ஆகவே இந்த மன்றத்தின் சார்பில் நாம் முன்வைப்பவை இவை.

ஒன்று, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஈடுசெய் தேர்ச்சியை எல்லைகளோடு எழுதி, மாணவர் சேரும் நாளிலேயே தமிழில் கையில் கொடுக்கவேண்டும்.

இரண்டு, பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு மறுதேர்வுக் கட்டணத்தை அரசு ஏற்கவேண்டும். படிப்புக்காலம் முடிந்தபின் குறைந்தது ஓராண்டு விடுதியிலும் உதவித்தொகையிலும் தொடர வழி வேண்டும்.

மூன்று, மறுதேர்வுக்கு முன் பாடம் நடத்தவேண்டும். சொல்லித்தராமல் திரும்பத் திரும்பத் தேர்வு மட்டும் வைப்பது கல்வி அல்ல, வசூல்.

நான்கு, அகமதிப்பெண்ணை எதிர்த்து முறையிடத் துறைக்கு வெளியே ஒரு குழு வேண்டும். அதில் நம் பிரதிநிதி இருக்கவேண்டும்.

ஐந்து, எந்தத் தாளில் எத்தனை பேர் தவறினார்கள், எத்தனை பேர் பட்டம் பெறாமலே போனார்கள் என்ற கணக்கைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். சேர்க்கையின் கணக்கைப் பெருமையாக வெளியிடுகிறவர்கள் தேர்ச்சியின் கணக்கை ஏன் மறைக்கவேண்டும்?

இவை நாளைக்கே நடந்துவிடாது. ஆனால் நடக்காதவையும் அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில், தவறிய தாளை அடுத்த பருவத்திலேயே எழுத முடியாது, ஓராண்டு காத்திருக்கவேண்டும் என்றிருந்தது. 2019 தொடக்கத்தில் மாணவர்கள் திரண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். விதி தளர்ந்தது. மனிதர்கள் எழுதிய விதியை மனிதர்கள் திருத்தலாம்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். மதிப்பிட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வு எழுதியவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் சொல்லியிருக்கிறது. மனு எழுதத் தெரிந்த மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு எழுதிக்கொடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு மத்திய அரசு வகுத்த விதிகளில், ஒரு தாள் நின்றாலும் பல்கலைக்கழகம் மேல்வகுப்புக்கு அனுப்பினால் அந்த வகுப்புக்குரிய உதவித்தொகை உண்டு என்ற பிரிவு நெடுநாள் இருந்துவந்தது. ‘அரியர் இருக்கு, ஸ்காலர்ஷிப் கிடையாது’ என்று எழுத்தர் வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் மாறிவிடும். நம் ஊர் மாலைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரியர் உள்ள அண்ணன் அக்காக்களையும் உட்காரவையுங்கள். வெட்கப்பட்டு ஒதுங்குபவர்களை வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள்.

இந்த அரங்கிலும் ஒரு தாள், இரண்டு தாள் நிற்க வந்து உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயர், கல்லூரி, தாளின் பெயர் மூன்றையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் தாளைச் சொல்லித்தரக்கூடியவர்களும் இதே அரங்கில் இருக்கிறார்கள். அவர்களும் பெயர் எழுதட்டும். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.